முதலில் யாருக்கு என்பதைக் குலுக்கல் சொல்லட்டும்: மாநிலத் திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
துணைத் தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
மாநிலத் திட்டக் குழு,
எழிலகம், சேப்பாக்கம், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம்.

நான் பொருளியல் பேராசிரியர் இல்லை. சென்னையில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிக் கேள்வி கேட்கும் கணக்கெடுப்பாளர்களுக்கு மேற்பார்வையாளராகப் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பல்கலைக்கழகம், தொண்டு நிறுவனம், அரசுத் துறை என்று யார் கூப்பிட்டாலும் போவோம். உங்கள் மேசைக்கு வரும் அறிக்கைகளில் ‘மாதிரி அளவு’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை நிரப்புவதுதான் எங்கள் பிழைப்பு.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இனி எந்த நலத்திட்டத்தையும் கட்டம் கட்டமாக விரிவுபடுத்துவதாக இருந்தால், முதல் கட்டத்தில் யார், அடுத்த கட்டத்தில் யார் என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்யுங்கள். திட்டம் தொடங்கும் முன்பே இரு தரப்பையும் அளந்து வையுங்கள். பிறகு அந்தத் தரவை, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு, விரும்பும் எவரும் சரிபார்க்கும்படி பொதுவில் வையுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் காலை உணவுத் திட்டமே போதும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது முதல் கட்டத்தில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள் சேர்ந்தன. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி மாநிலத்தின் மற்ற அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. இடையில் ஏறக்குறைய ஓராண்டு. சில பள்ளிகளில் காலையில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் கிடைத்தன, பெரும்பாலான பள்ளிகளில் கிடைக்கவில்லை. ஓர் ஆய்வாளர் கனவில் மட்டும் காணக்கூடிய நிலைமை அது. அந்த 1,545 பள்ளிகளைக் குலுக்கலில் எடுத்திருந்தால், இந்தத் திட்டம் வருகையை எவ்வளவு கூட்டுகிறது, எடையை எவ்வளவு ஏற்றுகிறது, வாசிப்பை மாற்றுகிறதா என்ற கேள்விகளுக்கு இன்று உறுதியான பதில் நம்மிடம் இருந்திருக்கும்.

குலுக்கலில் அப்படி என்ன மந்திரம் என்று கேட்கலாம். மந்திரம் ஒன்றும் இல்லை. தலைமையாசிரியரின் அக்கறை, ஊரின் வறுமை, பள்ளிக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம், அப்பாவின் குடிப்பழக்கம் என்று அளக்க முடிந்ததும் முடியாததுமான எல்லாம் இரண்டு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். எண்ணிக்கை போதிய அளவு இருந்தால் போதும். அதன் பிறகு இரு தரப்புக்கும் இடையே வேறுபாடு தெரிந்தால் அதைத் திட்டத்தின் கணக்கில் துணிந்து எழுதலாம்.

குலுக்கல் நடக்கவில்லை. இந்தத் திட்டத்தைப் பற்றிய உங்கள் குழுவின் ஆய்வு என்ன செய்தது? 2022 ஜூன், ஜூலை மாத வருகையை 2023 ஜனவரி, பிப்ரவரி வருகையோடு ஒப்பிட்டது. 1,543 பள்ளிகளில் 1,319 பள்ளிகளில் வருகை கூடியிருந்தது. அந்த எண் செய்தித்தாள்களில் வந்தது. நானும் மகிழ்ந்தேன். ஆனால் தொடக்கப் பள்ளி வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு ஜூன் மாதம் எப்படிப்பட்ட மாதம் என்று தெரியும். கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் போன பிள்ளை இன்னும் திரும்பியிருக்காது. வேறு பள்ளிக்கு மாறிய பிள்ளையின் பெயர் பதிவேட்டில் அப்படியே நிற்கும். மாற்றுச் சான்றிதழ் கேட்டு யாரும் வராதவரை அந்தப் பெயரை ஆசிரியர் அடிக்க மாட்டார். ஆண்டு நகர நகரப் பெயர்கள் நீங்கும், ஊர் போனவர்கள் திரும்புவார்கள். ஒரு பிள்ளைகூடப் புதிதாக வராமலேயே வருகை விழுக்காடு ஏறிவிடும். போதாக்குறைக்கு அது கொரோனாவுக்குப் பிந்தைய முதல் முழுக் கல்வியாண்டு. பள்ளிப் பழக்கமே மெல்லத் திரும்பிக்கொண்டிருந்த காலம். காலை உணவு இல்லாத பள்ளிகளில் அதே மாதங்களில் வருகை எவ்வளவு கூடியது என்ற எண்ணை 1,319-க்குப் பக்கத்தில் வைக்காதவரை, அந்த 1,319 நமக்குச் சொல்வது குறைவு.

பசியோடு வரும் குழந்தைக்குச் சாப்பாடு போடலாமா என்று முடிவு செய்ய எந்த ஆய்வும் வேண்டாம். போட வேண்டும், அவ்வளவுதான். 1920-களில் சென்னை மாநகராட்சியும், 1956-இல் காமராஜரும், 1982-இல் எம்.ஜி.ஆரும் ஆய்வறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. என் வழக்கு வேறு. ‘வருகை கூடியது’, ‘கற்றல் மேம்பட்டது’ என்று அரசு எண்ணோடு சொல்லும்போது அந்த எண் தாங்க வேண்டும். ஏனென்றால் அடுத்த ஆண்டு நிதித்துறையில் யாரோ ஒருவர், அதே பணத்தில் கூடுதல் ஆசிரியரைப் போடலாமா, முட்டையை அதிகப்படுத்தலாமா என்று கேட்பார். அப்போது 1,319 கைகொடுக்காது.

இதில் எனக்கு ஒரு சிறு ஆதங்கம். 2021-இல் முதலமைச்சருக்கு ஆலோசனை சொல்ல அமைக்கப்பட்ட பொருளாதாரக் குழுவில் எஸ்தர் டுஃப்லோவின் பெயர் இருந்தது. வறுமை ஒழிப்பில் குலுக்கல் முறைச் சோதனைகளைப் புகுத்தியதற்காக 2019-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் அவர். இத்தகைய சோதனைகளை நடத்தும், அவர் சார்ந்த ஜே-பால் அமைப்பின் தெற்காசியக் கிளை 2007-இல் வேர்விட்டதே சென்னையில்தான். வைத்தியரை வீட்டுக்கு அழைத்துத் திண்ணையில் உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

இலவசப் பேருந்துப் பயணத்துக்கு வருகிறேன். இது சென்னைக்காரர்கள் தினமும் கண்ணால் பார்க்கும் திட்டம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று உங்கள் குழுவின் ஆய்வு சொன்னது. மேடைகளில் அந்த எண்ணைப் பலமுறை கேட்டுவிட்டேன். எண் தவறு என்று நான் சொல்லவில்லை. எந்தக் கேள்விக்கான பதில் அது என்பதுதான் என் குழப்பம்.

உங்களுடையது அல்லாத வேறொரு கணக்கெடுப்புக்காகப் பெரும்பாக்கம் குடியிருப்பில் எங்கள் குழு இறங்கியிருந்தது. அடுக்குமாடி ஒன்றின் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தோம். வீட்டு வேலை செய்பவர். “இலவசப் பயணத்தால் மாதம் எவ்வளவு மிச்சம்?” என்பது கேள்வி. “எதிலிருந்து மிச்சம்?” என்று அவர் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. முன்பு அவர் பக்கத்திலேயே ஒரு வீட்டுக்கு நடந்து போய் வேலை பார்த்தவர். பஸ்ஸுக்குச் செலவழித்ததே இல்லை. பயணம் இலவசமான பிறகு திருவான்மியூரில் இரண்டு வீடுகளில் வேலை பிடித்தார். சம்பளம் கூடியது. அவருக்கு டிக்கெட்டில் மிச்சம் சுழியம், வாழ்க்கையில் லாபம் பெரிது. ஆனால் எங்கள் டேப்லெட்டில் அந்தக் கட்டத்தில் ஓர் எண்ணை இடாமல் அடுத்த கேள்விக்கு நகர முடியாது. இளம் கணக்கெடுப்பாளர் என்ன செய்வார்? இன்றைய பயணங்களை டிக்கெட் விலையால் பெருக்கி ஒரு தொகையை இட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது, கட்டம் அப்படி.

அதே மாடியில் இன்னொரு பெண். முன்பு மாதம் 1,000 ரூபாய்க்குப் பயண அட்டை எடுத்தவர். அவருக்கு மிச்சம் அப்படியே 1,000 வர வேண்டும். வரவில்லை. வேலைக்கு நேரமாகிவிடும் நாட்களில் இலவசப் பேருந்துக்குக் காத்திருக்க முடியாமல் காசு கொடுத்து டீலக்ஸ் பஸ்ஸில் ஏறிவிடுகிறார். இந்த இரண்டு பெண்களையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் சராசரி யாருடையது?

சென்னையில் பெண்கள் நிறுத்தத்தில் நிற்கும் அந்த நேரத்தை எந்த அறிக்கையிலாவது தேடிப் பாருங்கள். முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய இலவசப் பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தபடி, கண்ணெதிரே இரண்டு டீலக்ஸ் பேருந்துகளைப் போகவிடுவதும் ஒரு செலவுதான். கட்டணமில்லாப் பயணங்கள் 500 கோடியை எப்போதோ தாண்டிவிட்டன என்பது உண்மை. ஆனால் அது கொடுக்கப்பட்ட டிக்கெட்டுகளின் எண்ணிக்கை. பிராட்வேயில் இறங்கி வேறு பஸ் ஏறுபவர் இரண்டாகக் கணக்காகிறார்.

பேருந்துக் கட்டணத்தைக் குலுக்கலில் விட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஒரே வண்டியில் ஒரு பெண்ணுக்குக் காசு, பக்கத்தில் நிற்பவருக்கு இலவசம் என்றால் நடத்துநர் அடி வாங்குவார். அங்கே வேறு வழி உண்டு. சில தடங்களில் சாதாரணப் பேருந்துகள் அடிக்கடி வருகின்றன, சிலவற்றில் அத்திப் பூத்தாற்போல் வருகின்றன. எந்தத் தடத்தில் எந்த நாளில் எத்தனை சாதாரணப் பேருந்துகள் ஓடின என்ற பதிவு பணிமனைகளில் இருக்கிறது. அதைத் திறந்துவிட்டால், வண்டி அதிகம் கிடைத்த பகுதிகளில் பெண்களின் வேலைக்கு என்ன ஆனது என்று பார்க்கத் தெரிந்த மாணவர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள்.

மகளிர் உரிமைத் தொகையில் இன்னும் அழகான வாய்ப்பு ஒன்று தானாகவே விழுந்து கிடக்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று 1.06 கோடிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கியது. தகுதி விதிகளில் ஒன்று, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழிக்கும் குடும்பத்துக்குத் தொகை இல்லை. அதாவது இரண்டு மாத பில்லில் சராசரியாக 600 யூனிட். 3,550 யூனிட் எரித்த குடும்பமும் 3,650 யூனிட் எரித்த குடும்பமும் வாழ்க்கையில் பெரிதாக வேறுபட்டவை அல்ல. ஆனால் ஒன்றுக்குத் தொகை உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. அந்தக் கோட்டுக்கு இருபுறமும் ஒட்டி நிற்பவர்களை ஒப்பிட்டால், அடகுக் கடைக்குப் போன நகை திரும்பியதா, தண்டல்காரரிடம் கடன் வாங்குவது குறைந்ததா, பிள்ளையின் டியூஷன் தொடர்ந்ததா என்று சொல்லிவிடலாம். ஆண்டு வருமானம் 2.5 லட்சம் என்ற வரம்பில் இதைச் செய்ய முடியாது. வருமானம் வாயால் சொல்வது, வசதிக்கு வளையும். விதிகள் 2023 ஜூலையில் வெளியாயின. அதற்கு முன் ஓடி முடிந்த மீட்டரை எவரும் பின்னோக்கிச் சுழற்ற முடியாது.

சென்னையில் இதற்கும் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே மின் இணைப்பில் மூன்று, நான்கு குடித்தனங்கள் இருக்கும் வீடுகள் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் ஏராளம். மின் அட்டை வீட்டுக்காரர் பெயரில். யூனிட் எல்லோருடையது. எனவே அந்த வீடுகளைத் தனியே பிரித்துத்தான் கணக்கிட வேண்டும். மின் வாரியக் கணக்கையும் உரிமைத் தொகைப் பட்டியலையும் இணைக்க அரசால் மட்டுமே முடியும். வெளியில் இருக்கும் எவரும் இதைத் தொடக்கூட முடியாது. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

இதெல்லாம் தமிழ்நாட்டுக்குப் பழக்கமில்லாத வெளிநாட்டுச் சங்கதி என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். இந்த மாநிலத்தின் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கலில் தேர்வான மையங்களில் அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒரு பணியாளரைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்றரை ஆண்டில், குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் நேரம் இரட்டிப்பானது. கணக்கிலும் மொழியிலும் தெளிவான முன்னேற்றம். பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலையைக் கவனிக்க நேரம் கிடைத்ததால், வளர்ச்சி குன்றலும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும் அந்த மையங்களில் குறைவாக இருந்தன. நம் அரசின் துறையோடு சேர்ந்து, நம் ஊர்ப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வு இது. பொருளியலின் முன்னணி ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. நம் அங்கன்வாடி ஊழியர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கொரோனாவுக்குப் பின் தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்கு வீட்டருகே பாடம் சொல்லித்தந்த இல்லம் தேடிக் கல்வி இன்னொன்று. 2021 டிசம்பரில் கிராமப்புறக் குழந்தைகள் எவ்வளவு பின்தங்கியிருந்தார்கள், பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அந்த இழப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மீண்டது, மீண்டதில் சுமார் கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது. எப்படி? அதே கிராமங்களில் 2019-லேயே குழந்தைகளை வேறொரு காரணத்துக்காக அளந்து வைத்திருந்தார்கள். கொரோனா வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. முன்னளவு கையில் இருந்தது தற்செயல். ஒவ்வொரு முறையும் தற்செயல் வந்து காப்பாற்றாது.

குலுக்கல் என்றதும் இரண்டு முணுமுணுப்புகள் எழும். ஏழைகளை வைத்துச் சோதனை செய்வதா என்பது முதலாவது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் முதல் ஆண்டில் எல்லோருக்கும் கொடுக்கப் பணம் இல்லை என்று முடிவான பிறகு, சிலர் காத்திருக்கத்தான் போகிறார்கள். எந்தச் சிலர் என்பதை இப்போது யார் முடிவு செய்கிறார்கள்? மாவட்டத்தில் செல்வாக்கு உள்ளவர், அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசத் தெரிந்தவர். அதைவிடக் குலுக்கல் எந்த வகையில் கொடுமையானது? மலைக் கிராமங்களுக்கு உடனே தேவை என்றால் அவற்றைக் குலுக்கலுக்கு வெளியே வைத்து முதலிலேயே கொடுத்துவிடுங்கள். மீதியை மாவட்டவாரியாகப் பிரித்துப் போடுங்கள். காத்திருப்பவர்களுக்கு எப்போது கிடைக்கும் என்ற தேதியை அரசாணையிலேயே எழுதுங்கள்.

மக்கள் ஏற்பார்களா என்பது இரண்டாவது. ஏற்கனவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களுக்கு விண்ணப்பங்கள் அதிகமாக வந்தால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல்தான். கிடைக்காத தாய் அழுதுகொண்டே வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன், ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டை போட்டு அல்ல. (உத்திரமேரூர்க் குடவோலையின் பெருமையை மேடைதோறும் பேசும் நாம், நம் காலத்துக் குடத்துக்குள் கைவிடத் தயங்குவது வேடிக்கை.) அந்தக் கல்விக் குலுக்கல்களில் இடம் கிடைத்த பிள்ளைகளும் கிடைக்காத பிள்ளைகளும் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் போக அனுமதி கொடுத்தால், அதுவே தனி ஆய்வு.

அரசியல்வாதிகளுக்கு இதில் என்ன ஆதாயம் என்று கேட்பவர்களுக்கு மெக்ஸிகோவைக் காட்டுங்கள். 1997-இல் அங்கே ஏழைத் தாய்மார்களுக்குப் பணம் கொடுக்கும் புரோகிரெஸா திட்டம் தொடங்கியது. மதிப்பீட்டுக்காக 506 கிராமங்களை எடுத்து, குலுக்கலில் 320-க்கு முதலில் கொடுத்து, 186-ஐக் காத்திருக்க வைத்தார்கள். தரவை உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். 2000-இல் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட கட்சி தோற்றது. புதிய அரசு திட்டத்தை மூடவில்லை. பெயரை மாற்றி நகரங்களுக்கும் விரித்தது. ஆட்சி மாறினால் பெயர்ப்பலகை மாறுவது நமக்கும் தெரிந்ததுதான். இங்கே பலகையோடு சேர்த்துக் கட்டடமும் காணாமல் போகிறது.

தரவைத் திறப்பது பற்றிச் சுருக்கமாக. 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வின் முடிவுகளைத் தரம் சரியில்லை என்று சொல்லி 2019-இல் ஒன்றிய அரசு வெளியிடாமல் நிறுத்தியது. அடுத்த முடிவுகள் 2024-இல்தான் வந்தன. டெல்லியைப் பார்த்து நாம் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டாம். ஒரு நாட்டின் அரசுக் கடன் அதன் ஆண்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும் என்று 2010-இல் ஹார்வர்டின் ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் எழுதியது உலகம் முழுக்கச் சிக்கன நடவடிக்கைகளுக்கு ஆதாரமானது. 2013-இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கித் திறந்தார். சராசரியில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. மற்ற பிழைகளையும் திருத்தியபோது மைனஸ் 0.1 என்றிருந்த வளர்ச்சி 2.2 விழுக்காடானது. கோப்பைக் கொடுத்தார்கள், அதனால் பிழை தெரிந்தது. பெயரை மட்டும் நீக்கினால் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு சிறிய வார்டில் சாதி, வயது, பிள்ளைகள் எண்ணிக்கை மூன்றும் இருந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

உங்கள் அலுவலகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது சென்னைப் பல்கலைக்கழகம். 1916-இல் அங்கே பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்கு ஊர் போகும் மாணவர்கள் கையில் வினாப்பட்டியலைக் கொடுத்தனுப்பினார். அப்படிக் கணக்கெடுத்த கிராமங்களில் ஒன்றான இருவேல்பட்டுக்கு 1930-களிலும், 1961, 1981, 2008 ஆகிய ஆண்டுகளிலும் ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள். 1981-இல் போனவர்களில் ஒருவர் இந்த மாநிலத்தின் நிதித்துறைச் செயலாளராக இருந்த எஸ். குகன். கோப்பில் கையெழுத்திடுபவரே களத்துக்கும் போன பாரம்பரியம் இங்கே உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த மடலுக்கு, ‘தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்ற வழக்கமான பதில் வேண்டாம். எந்தத் திட்டத்திலிருந்து தொடங்கப்போகிறீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். ஒரு வேண்டுகோள் மட்டும். குலுக்கலுக்கு முன் பள்ளிகளையும் வீடுகளையும் அளந்து முடிக்க எங்களைப் போன்றவர்களுக்குச் சில மாதங்கள் பிடிக்கும். தொடக்க விழாவுக்குத் தேதி குறித்த பிறகு கூப்பிட்டால் பயன் இல்லை. அரசாணையின் வரைவு உங்கள் மேசையில் இருக்கும்போதே சொல்லியனுப்புங்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு களஆய்வு மேற்பார்வையாளர்